அத்தையைக் கணக்கில் சேர்த்தீர்களா?

கேள்வி: எங்களுக்குத் திருமங்கலம். வீட்டுக்காரருக்குக் கப்பலூர் சிட்கோவில் வேலை. மகள் பிளஸ் ஒன், மகன் நாலாம் வகுப்பு. அத்தையும் (வீட்டுக்காரரின் அம்மா) எங்களோடுதான் இருக்கிறார். ஒவ்வொன்றாகச் சேர்ந்த சந்தாக்கள் இப்போது கையைக் கடிக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் மாதம் 199, கிண்டில் அன்லிமிடெட் 169, யூடியூப் பிரீமியம் 149, அமேசான் பிரைம் வருடத்துக்கு 1,499. போதாததற்கு, ‘ஒரு ரூபாய்க்கு ஒரு வாரம்’ என்று மகள் போட்டுப் பார்த்த கதை கேட்கும் செயலி ஒன்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை 399 ரூபாயைப் பிடுங்கிக்கொள்கிறது. கிரிக்கெட் வந்துவிட்டால் வீட்டுக்காரர் இன்னொன்று போடுவார். படிப்பதற்கென்று நான் போட்டது கிண்டில் மட்டும்தான். 14 மாதத்தில் நாலு நாவல் முடித்திருக்கிறேன். நான் தேடும் எழுத்தாளர்களில் பாதிப் பேர் அதில் இல்லை. அத்தைதான் ஆரம்பத்திலிருந்தே மத்தியான நேரத்தில் என் போனை வாங்கி, வாரத்துக்கு ஒரு குடும்ப நாவலை முடித்துவிடுகிறார். “முதலில் கிண்டிலை நிறுத்து, அதுதான் தண்டம்” என்கிறார் வீட்டுக்காரர். எனக்கும் அது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் படிப்புக்கென்று இருக்கும் ஒன்றையும் நிறுத்திவிட்டுப் படம் பார்க்க மட்டும் பணம் கட்டுவது உறுத்துகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?
— பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது நானும் உங்கள் வீட்டுக்காரர் கட்சிதான். மாதம் 169 வீதம் 14 மாதத்துக்கு 2,366 ரூபாய். நாலு நாவலுக்கு வகுத்தால் ஒன்றுக்கு 590 ரூபாய்க்கு மேல். அந்தக் காசுக்கு நல்ல கெட்டி அட்டைப் புத்தகமே வாங்கி அலமாரியில் வைத்திருக்கலாம். தண்டம்தான், சந்தேகமில்லை.

இரண்டாம் முறை படித்தபோதுதான் அத்தை கண்ணில் பட்டார். வாரம் ஒன்று என்றால் 14 மாதத்தில் குறைந்தது 60 நாவல். உங்கள் நாலையும் சேர்த்தால் 64. அதே 2,366-ஐ இப்போது வகுத்துப் பாருங்கள், ஒரு நாவல் 37 ரூபாய். கடையில் இரண்டு காபி குடிக்கிற காசு. உங்கள் வீட்டில் போட்ட காசுக்கு ஒழுங்காக உழைக்கிற சந்தா அது ஒன்றாகத்தான் இருக்கும். அதைத்தான் முதலில் வெட்டப் பார்க்கிறீர்கள். காரணம், அதை நீங்கள் உங்கள் பேரில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அத்தை படிப்பது கணக்கிலேயே வரவில்லை.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் நூலகர். சந்தா புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொள்வது எனக்கு வருடா வருடம் வரும் வேலை. அதில் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு நிறுவனத்தின் ஆள் வந்தார். ஒரே சந்தாவில் மூவாயிரத்துக்கு மேல் மின்னூல்கள் என்றார். மூவாயிரம் என்ற வார்த்தையிலேயே நான் விழுந்துவிட்டேன். முதல்வரிடம் பேசிச் சம்மதம் வாங்கினேன். வருடம் முடிந்ததும் பயன்பாட்டு அறிக்கை வந்தது. எந்த நூலை யார், எத்தனை முறை திறந்தார்கள் என்ற பட்டியல் அது. வருடம் முழுக்கத் திறக்கப்பட்ட நூல்கள் 41. அதில் 17, சரியாக வேலை செய்கிறதா என்று நானே திறந்து பார்த்தவை! சந்தாவை நிறுத்தினோம். மறுநாள் காலையில் அந்த மூவாயிரமும் பூட்டிக் கிடந்தன. எனக்கு முன்னால் இருந்த நூலகர் காசு கொடுத்து வாங்கி பைண்டு செய்து வைத்த பழைய இதழ்கள் மட்டும் இன்றைக்கும் கீழ்த்தட்டில் தூசியோடு இருக்கின்றன. யாராவது ஒரு ஆய்வு மாணவி வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கிறேன்.

அன்றிலிருந்து ‘எத்தனை இருக்கிறது?’ என்று நான் கேட்பதில்லை. போன வருடம் எத்தனை முடித்தார்கள், யார் முடித்தார்கள் என்றுதான் கேட்பேன். வீட்டுக்கும் இதே கேள்விதான்.

உங்கள் செலவை மொத்தமாகப் போட்டுப் பார்த்தேன். நெட்ஃபிளிக்ஸ் 2,388, கிண்டில் 2,028, யூடியூப் 1,788, பிரைம் 1,499, அந்தச் செயலி 1,596. கிரிக்கெட்டைச் சேர்க்காமலே வருடத்துக்கு 9,299 ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால் ‘199தானே’ என்று தோன்றும். எப்போதும் வருடக் கணக்கில் பாருங்கள்.

சரி, கிண்டில் அன்லிமிடெட் பற்றி. நீங்கள் தேடுபவர்கள் அதில் ஏன் இல்லை, அத்தைக்கு மட்டும் ஏன் வற்றாமல் வந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கிண்டில் அமேசானின் மின்னூல் கடை, அன்லிமிடெட் அதன் வாசிப்புச் சந்தா. கிண்டிலில் விற்பனைக்கு இருக்கும் நூலெல்லாம் அன்லிமிடெட்டில் இருக்காது. தானே பதிப்பிக்கும் எழுத்தாளர் தன் நூலை அதில் சேர்க்க வேண்டுமானால், அந்த மின்னூலை வேறு எங்கும் தரமாட்டேன் என்று 90 நாளுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம், அவருக்குப் பணம் வருவது வாசகர் படித்த பக்கக் கணக்கில். 2015-லிருந்து அப்படித்தான். ஒரு நாவலைத் திறந்து மூன்றாம் பக்கத்திலேயே மூடிவிட்டால் எழுதியவருக்கு மூன்று பக்கக் காசுதான். ஆகவே, கீழே வைக்க விடாமல் இழுத்துக்கொண்டு போகும் நீளமான குடும்பக் கதைகள் அங்கே செழிக்கின்றன. அவற்றை எழுதுபவர்களில் நிறையப் பேர் வீட்டு வேலைக்கு நடுவே எழுதும் பெண்கள். அதைக் குறைத்துப் பேசும் ஆள் நான் இல்லை. எந்த நூலகத்திலும் தேய்ந்து கிழிந்து மறுபடி பைண்டு செய்யப்படுவது குடும்ப நாவல் தட்டுதான். ஆனால் உங்கள் ருசி வேறு. உங்கள் எழுத்தாளர்களுடைய பதிப்பாளர்கள் அச்சில் விற்கிறார்கள், மின்னூலாகவும் தனி விலைக்கு விற்கிறார்கள், இந்தப் பந்தியில் மட்டும் பெரும்பாலும் பரிமாறுவதில்லை. குறை உங்களிடமும் இல்லை, அத்தையிடமும் இல்லை.

எனவே அன்லிமிடெட் இருக்கட்டும், அத்தைக்காக. ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அவர் உங்கள் போனை வாங்கிப் படிக்க வேண்டியதில்லை. வீட்டில் திரை உடையாத பழைய போன் ஒன்று இருந்தால், அதில் கிண்டில் செயலியை ஏற்றி உங்கள் கணக்கிலேயே திறந்து கொடுங்கள். தனிக் கருவி தேவையே இல்லை. எழுத்தளவை அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். வெள்ளைப் பின்னணி கூசினால் மங்கிய மஞ்சள் பின்னணியும் உண்டு. ஒரு நேரத்தில் 20 நூல்கள்தான் எடுத்து வைத்துக்கொள்ள முடியும். 21-ஆவதைத் தொட்டால் ஒன்றைத் திருப்பித் தரச் சொல்லும். அத்தை அதைப் பார்த்துப் பதறிப்போய் ‘போன் கெட்டுப்போச்சு’ என்று உங்களைக் கூப்பிடுவார். முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதை எடுப்பது நம் நூலக வழக்கம்தான், புரிந்துகொள்வார்.

இந்தச் சந்தாவை எப்போதாவது நிறுத்தினால், பாதியில் நிற்கும் நாவலும் சேர்ந்து போய்விடும். அத்தையைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது பிரைம். பலருக்கு இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. பிரைம் இருந்தால் அன்லிமிடெட்டும் சேர்ந்து வரும் என்று நினைக்கிறார்கள். வராது. அதில் வருவது பிரைம் ரீடிங் என்ற சின்னத் தொகுப்பு, நூல்கள் மாறிக்கொண்டே இருக்கும். 2025 ஜூன் 17 முதல் பிரைம் வீடியோவில் விளம்பரமும் வருகிறது. விளம்பரம் வேண்டாம் என்றால் வருடத்துக்கு இன்னொரு 699 கட்ட வேண்டும். ஆகவே பிரைமைப் படத்துக்காக எடைபோடாதீர்கள். அமேசானில் வருடத்துக்கு எத்தனை பொருள் வாங்குகிறீர்கள் என்று ஆர்டர் பட்டியலில் எண்ணிப் பாருங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று என்றால் டெலிவரிக் கட்டணத்திலேயே காசு திரும்பிவிடும். தீபாவளிக்கும் பள்ளி திறப்புக்கும் மட்டும் என்றால் விட்டுவிடலாம், அல்லது 799 ரூபாய்க்கு இருக்கும் பிரைம் லைட் என்ற மலிவுத் திட்டம் போதும்.

நெட்ஃபிளிக்ஸ் 199 திட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரே திரைதான். ஐந்து பேர் உள்ள வீட்டில் அது ஒரு சண்டைக்குத்தான் வழி. அதை வருடம் முழுக்க வைத்திருக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. கிழித்த தாள்களில் ஒன்றின் பின்பக்கத்தில், யாராவது ‘அந்தப் படம் பார்க்கணும்’ என்று சொன்னால் பெயரையும் அது எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதையும் எழுதி, காலண்டர் ஆணியிலேயே குத்திவிடுவோம். ஒரே தளத்தின் பேரில் ஐந்தாறு சேர்ந்தால் அதற்கு ஒரு மாதச் சந்தா. கட்டிய அன்றைக்கே ரத்தும் செய்துவிடுவேன். ரத்து செய்தாலும் கட்டிய மாதம் முடியும் வரை ஓடும். அந்த மாதம் முழுக்கப் பட்டியலை முடிப்போம். அடுத்தது வேறொரு தளம், அல்லது ஒன்றுமே இல்லை. எழுதி வைத்ததில் பாதிப் படங்களை ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ‘இதை யார் எழுதினது?’ என்று கேட்கும் அளவுக்கு ஆசை ஆறிப்போயிருக்கும். அதுவும் மிச்சம்தான்.

கிரிக்கெட்டும் அப்படியே. ஐபிஎல் நடப்பது கோடைக்கு. அந்த இரண்டு மாதத்துக்குப் போட்டால் போதும். அதற்கும் முன்னால் உங்கள் போன் ரீசார்ஜிலும் வீட்டு இணைய இணைப்பிலும் என்னென்ன சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். பல திட்டங்களில் ஒன்றிரண்டு ஓடிடி தளங்கள் ஏற்கெனவே அடக்கம். அது தெரியாமல் தனியாகவும் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். என் வீடும் ஒரு வருடம் அந்தப் பட்டியலில் இருந்தது.

யூடியூப் பிரீமியத்தை விடச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மகள் பிளஸ் ஒன் பாடங்களை அதில்தான் பார்க்கிறாள் என்றால் நான் அதில் கை வைக்கமாட்டேன். இயற்பியல் கணக்கு பாதியில் நிற்கும்போது சூதாட்ட விளம்பரம் வருவதைத் தடுக்க 149 ரூபாய் கொடுக்கலாம். அது பாட்டுக்கு மட்டும்தான் ஓடுகிறது என்றால், நிறுத்துங்கள்.

இப்போது அந்த 399. மீதி எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வந்தது இதில்தான். ஒரு ரூபாய் கட்டும்போது உங்கள் மகள் கொடுத்தது ஒரு ரூபாய் மட்டும் இல்லை. ‘இனிமேல் நீயே எடுத்துக்கொள்’ என்று யுபிஐ ஆட்டோபே அனுமதியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். செயலியைப் போனிலிருந்து நீக்கினாலும் அந்த அனுமதி போகாது. நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். நீங்கள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் யுபிஐ செயலியைத் திறந்து, மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தட்டுங்கள். உள்ளே ‘ஆட்டோபே’ என்று ஒரு வரி இருக்கும். அதில் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது, அடுத்த தேதி என்ன, எவ்வளவு வரை எடுக்கலாம் என்று வரிசையாக வரும். வேண்டாததைத் திறந்து ரத்து செய்யுங்கள், பின் நம்பர் கேட்கும், முடிந்தது. முதல் முறை அந்தப் பக்கத்தைத் திறக்கிறவர்கள் பெரும்பாலும் மறந்தே போன ஒன்றையாவது கண்டுபிடிப்பார்கள்.

பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அனுப்பத்தான் செய்கிறார்கள். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வரும் நாற்பது செய்திகளுக்கு நடுவில் அதுவும் வந்து போகிறது. 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை என்பதால் 399 சத்தமில்லாமல் கழிந்துவிடும். சேர்வதைச் சுலபமாகவும் வெளியேறுவதைக் கஷ்டமாகவும் வைப்பதற்குச் ‘சந்தாப் பொறி’ என்றே பெயர். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 தந்திரங்களில் அதுவும் ஒன்று. ரத்து செய்த பிறகும் பணம் போனால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மகளைத் திட்டாதீர்கள். படித்தவர்களே விழுகிற குழி அது. மூவாயிரம் நூலுக்கு விழுந்தவன் சொல்கிறேன்.

கடைசியாக, உங்கள் வாசிப்பு. ‘படிப்புக்கென்று இருக்கும் ஒரே சந்தா’ என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்றும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சொந்த வீடு என்றால் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதற்குள் நூலக வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. சென்னை மாகாணத்தில் 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வசூலாகும் பணம் அது. வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளர் கட்டி, உங்கள் வாடகையில் ஏற்றியிருப்பார். கட்டிய சந்தாவை யாராவது பயன்படுத்தாமல் விடுவார்களா? திருமங்கலம் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். காப்புத்தொகை சொற்பம், விலகும்போது திரும்பி வருவது. அங்கே கிடைக்காததற்குச் சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. துணி எடுக்கவோ ஆஸ்பத்திரிக்கோ மதுரை வரும் நாளில் எட்டிப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கிற ஏக்கத்துக்கு அந்தப் பழைய தமிழ் நாவல் அடுக்குகள் பதில் சொல்லும்.

பழைய இலக்கியத்துக்குக் காசே வேண்டாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் சங்க இலக்கியம் முதல் போன நூற்றாண்டு எழுத்துவரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். (பெயரைப் பார்த்து ‘அது மதுரையில் எங்கே சார் இருக்கு?’ என்று என்னிடம் விலாசம் கேட்டவர்கள் உண்டு. அதை நடத்தும் கல்யாணசுந்தரம் இருப்பது சுவிட்சர்லாந்தில். தட்டச்சு செய்தவர்கள் உலகம் முழுக்கப் பரவியிருக்கும் தன்னார்வலர்கள். மதுரை என்பது தமிழ்ச் சங்கத்தை நினைத்து வைத்த பெயர்.) கல்கி, புதுமைப்பித்தன் போன்றவர்களின் எழுத்துகள் நாட்டுடைமை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தே போட்டிருக்கிறார்கள். அதில் பழைய விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே ஒரு மத்தியானம் போய்விடும்.

புது எழுத்தாளர்களைப் பொறுத்தவரை, திரும்பப் படிப்பீர்கள் என்று தோன்றுவதை அச்சில் வாங்குங்கள். மின்னூலாக ‘வாங்கினாலும்’ நம் கைக்கு வருவது படிக்கும் உரிமம்தான். வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியைக்கூட 2025 பிப்ரவரியில் அமேசான் எடுத்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸை வருடத்துக்கு மூன்று மாதம் மட்டும் வைத்தால் 1,791 ரூபாய் மிஞ்சும். அந்தச் செயலியின் 1,596-ஐயும் சேர்த்தால் 3,387. தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது இந்தப் பணத்தோடு போனால் பத்துப் புத்தகமாவது தூக்கிக்கொண்டு வரலாம். பை கொண்டுபோங்கள்.

மகனை மறந்துவிடவில்லை. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய, எல்லாம் இலவசம், நிலை ஒன்று இரண்டு என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுநத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். 2023-இல் திறந்தது, இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல். குழந்தைகள் பகுதியில் விட்டுவிட்டால் திரும்பக் கூப்பிடுவதுதான் பெரிய வேலையாக இருக்கும். பக்கத்துப் பகுதியில் உங்களுக்கும் இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

வீட்டுக்காரரிடம் இந்த 37 ரூபாய்க் கணக்கைக் காட்டுங்கள். அம்மா படிக்கும் நாவல் என்று தெரிந்தால் அவரே நிறுத்த விடமாட்டார்.

அந்த 399-க்கு அடுத்த தவணை எப்போது என்று கடிதத்தில் இல்லை. மற்றதெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். இதைப் படித்து முடித்த கையோடு அந்த ஆட்டோபே பக்கத்தைத் திறந்துவிடுங்கள்.